முதலிடம் பிடித்தும் முதல் ஆட்டத்திலேயே அவுட்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் எக்ஸெல்லை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். மாதச் செலவு, பால் கணக்கு, பையனின் மார்க் லிஸ்ட் என்று சொல்வார்கள். சிலர் இன்னும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். இந்த மாதம் அதே எக்ஸெல்லை வைத்து ஒரு விளையாட்டுப் போட்டியின் டிரா நியாயமானதா, இல்லையா என்று சோதித்துப் பார்க்கப் போகிறோம். பெரிய கணக்கு எதுவும் தெரிய வேண்டாம். கூட்டல், வகுத்தல் போதும்.

இந்த விஷயம் எனக்கு அறிமுகமானது 2023-இல். அப்போது ஆன்சைட் வேலையாக அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் இருந்தேன். எங்கள் டீமில் பக்கத்து சீட்டில் இருந்தவர், அதே மினசோட்டா மாநிலத்தில் உள்ள செயின்ட் கிளவுட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்தவர். மார்ச் மாதம் பிறந்ததும் அவருடைய மானிட்டரில் ஒரு பெரிய ஒர்க்‌ஷீட் திறந்தே இருக்கும். அறுபது வரிசை, அறுபது காலம். முதலில் ஏதோ கிளையன்ட் ரிப்போர்ட் என்றுதான் நினைத்தேன். கேட்டபோது, "இது எங்கள் ஹாக்கி" என்றார்.

ஹாக்கி என்றால் நாம் ஆடும் புல்தரை ஹாக்கி அல்ல. ஐஸ் ஹாக்கி. பந்துக்குப் பதில் பக் என்ற கறுப்பு ரப்பர் வட்டு. அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் கல்லூரி ஐஸ் ஹாக்கிக்கு இருக்கும் மரியாதை, பார்த்தால்தான் நம்ப முடியும்.

16 அணி, 4 ஊர், தோற்றால் வீடு

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு என்.சி.ஏ.ஏ. அதன் முதல் டிவிஷன் ஆண்கள் ஐஸ் ஹாக்கிப் போட்டி 1948-இல் வெறும் 4 அணிகளுடன் தொடங்கியது. 2003-இல் இருந்து 16 அணிகள். நான்கு நான்காகப் பிரித்து நான்கு ஊர்களுக்கு அனுப்புகிறார்கள். ஒவ்வொரு ஊரிலும் நடப்பது ஒரு 'ரீஜினல்'. அதில் ஜெயிக்கும் நான்கு அணிகள் 'ஃப்ரோஸன் ஃபோர்' என்ற கடைசிக் கட்டத்துக்குப் போகும். எல்லாமே நாக்-அவுட். அக்டோபரில் இருந்து மார்ச் வரை முப்பது, நாற்பது ஆட்டம் ஆடி வந்த அணி, ஒரு சாயங்காலம் தோற்றால் அதோடு சரி. கடைசி வருடப் பையன்களுக்கு அதற்குப் பிறகு கல்லூரி ஆட்டமே கிடையாது.

என் நண்பரின் அணி 2018-இல் நாட்டிலேயே முதலிடத்தில் வைக்கப்பட்டது. முதல் ஆட்டத்திலேயே ஏர் ஃபோர்ஸ் அணியிடம் 4-1 என்று தோற்றது. 2019-இல் மறுபடியும் முதலிடம். இந்த முறை ஃபார்கோ என்ற ஊரில், அமெரிக்கன் இன்டர்நேஷனல் என்ற சின்னக் கல்லூரி 2-1 என்று அனுப்பி வைத்தது. அடுத்தடுத்து இரண்டு வருடம்! நான்கு வருடம் கழித்தும் அந்த ஸ்கோர்களைச் சொல்லும்போது அவர் குரல் மாறியது.

"நாக்-அவுட் என்றால் அப்படித்தானே?" என்று நான் சாதாரணமாகக் கேட்டுவிட்டேன். அப்போதுதான் அவர் அந்த ஒர்க்‌ஷீட்டைத் திறந்து விளக்க ஆரம்பித்தார். நியாயம் என்பது இங்கே இரண்டு தனித்தனிக் கேள்விகள் என்றார். யார் யாருக்கு எந்த ரேங்க் என்பது ஒன்று. அந்த ரேங்க்கை வைத்து யாரை யாரோடு, எந்த ஊரில் ஆட விடுவது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குக் கம்ப்யூட்டர் இருக்கிறது. இரண்டாவதற்கு ஒரு கமிட்டி இருக்கிறது. பிரச்சினை இரண்டாவதில்தான் அதிகம் என்பது அவர் கட்சி. கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு எனக்கும் அதே எண்ணம்தான்.

1770 ஜோடிகள்

முதலில் ரேங்க். 2024-25 சீசன் வரை இருந்த முறையை ரசிகர்கள் 'பேர்வைஸ்' என்று அழைத்தார்கள். ஒவ்வொரு அணியையும் மற்ற எல்லா அணிகளோடும் தனித்தனியாக ஒப்பிட வேண்டும். 60 அணிகள் என்றால் 60 பெருக்கல் 59, அதில் பாதி: 1770 ஜோடிகள். அதனால்தான் நண்பரின் ஒர்க்‌ஷீட் அவ்வளவு பெரிது. ஒவ்வொரு ஜோடியிலும் மூன்று விஷயம் பார்ப்பார்கள். இரண்டும் நேருக்கு நேர் மோதியதில் யார் ஜெயித்தார்கள்? இரண்டுமே சந்தித்த பொது எதிரிகளிடம் யார் நன்றாக ஆடினார்கள்? ஆர்.பி.ஐ. என்ற எண் யாருக்கு அதிகம்? இதில் யாருக்குப் புள்ளி கூடுதலோ அவர் அந்த ஒப்பீட்டில் வென்றார். சமம் என்றால் ஆர்.பி.ஐ. அதிகம் உள்ளவர் வென்றார். யார் அதிக ஒப்பீடுகளில் ஜெயித்தாரோ அவருக்கு முதலிடம்.

ஆர்.பி.ஐ. என்பது ஒரு கலவை எண். அணியின் சொந்த வெற்றி விகிதம் 25 சதவீதம், எதிரிகளின் வெற்றி விகிதம் 21 சதவீதம், எதிரிகளின் எதிரிகளுடைய வெற்றி விகிதம் 54 சதவீதம்! பாதிக்கு மேற்பட்ட எடை, நம் அணி பார்த்தே இராத ஆட்டங்களுக்கு. இதன் வினோதம் என்னவென்றால், மிக மோசமான அணியை ஜெயித்தால் உங்கள் எண் கீழே இறங்கும். அப்படி இறக்கிவிடும் வெற்றிகளைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம் என்று பின்னால் ஓர் ஒட்டுப் போட்டார்கள். சாப்ட்வேரில் நாங்கள் பேட்ச் போடுவதுபோல.

இன்னொரு பேட்சும் உண்டு. 2012-13 சீசன் வரை நான்காவது அளவுகோல் ஒன்று இருந்தது: 'பரிசீலனையில் உள்ள அணிகளுக்கு' எதிராக எப்படி ஆடினார்கள் என்பது. அந்தப் பட்டியலில் சேர ஒரு கோடு வைத்திருந்தார்கள். ஏதோ ஓர் அணி கடைசி வாரத்தில் அந்தக் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே இறங்கினால், அதை முன்பு ஜெயித்திருந்த வேறு அணிகளின் வெற்றி எல்லாம் இந்தக் கணக்கிலிருந்து காணாமல் போகும். தங்கள் ஆட்டம் இல்லாத நாளில், எங்கோ நடந்த ஆட்டத்தால் ரேங்க் தலைகீழாகும். ஒர்க்‌ஷீட்டில் ஒரு செல்லில் ஒரு எண்ணை மாற்றினால் ஷீட் முழுக்க மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான். 2013-14-இல் அந்த அளவுகோலை எடுத்துவிட்டார்கள்.

இவ்வளவு குறை சொன்னாலும் இந்த முறைக்கு ஒரு பெரிய நல்ல குணம் இருந்தது. எல்லாம் வெளிப்படை. கமிட்டி ரகசியமாக ஓட்டுப் போட்டு யாரையும் உள்ளே கொண்டுவர முடியாது. வீட்டில் கம்ப்யூட்டர் உள்ள எவரும் எல்லா ஸ்கோர்களையும் உள்ளிட்டு, அறிவிப்புக்கு முன்பே 16 அணிகளைச் சொல்லிவிடலாம். நாட்டில் எத்தனை தேர்வுப் பட்டியல்களைப் பற்றி இப்படிச் சொல்ல முடியும்?

நானும் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து சொல்லிப் பார்த்தேன். ரேங்க்கில் மேலிருந்து 16 பேரை எண்ணிப் பட்டியல் போட்டு நண்பரிடம் கொடுத்தேன். அவர் சிரித்துவிட்டார். ஆறு கான்பரன்ஸ்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் சாம்பியனுக்கும் நேரடி இடம் உண்டு, அவர்கள் ரேங்க் எதுவாக இருந்தாலும். 2023-இல் கோல்கேட், கனீசியஸ் என்ற இரண்டு அணிகள் அப்படித்தான் வந்தன. அவர்கள் உள்ளே வந்தால் என் பட்டியலின் அடியில் இருப்பவர்கள் வெளியே போக வேண்டும். அலாஸ்கா ஃபேர்பேங்க்ஸ் அணி எந்தக் கான்பரன்ஸிலும் இல்லாதது. அதற்கு அந்த நேரடி வழியே கிடையாது. அந்த வருடம் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

இந்த விளிம்பில் நடந்த கதைகளில் 2013-இன் யேல் கதையைச் சொல்லாமல் விட முடியாது. கான்பரன்ஸ் போட்டியின் கடைசி வாரக் கடைசியில் இரண்டு ஆட்டத்திலும் தோற்று, யேல் பல்கலைக்கழக அணி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வேறொரு கான்பரன்ஸ் இறுதி ஆட்டத்தில் மிச்சிகன் ஜெயித்தால் யேல் அவுட். மிச்சிகன் அதற்கு முன் 22 வருடம் தொடர்ச்சியாக இந்தப் போட்டிக்கு வந்த அணி. அது நோட்ர டேமிடம் 3-1 என்று தோற்றது. யேல் 15-ஆவது அணியாக உள்ளே வந்தது. முதல் ஆட்டத்தில் மினசோட்டாவை ஓவர்டைமின் ஒன்பதாவது விநாடியில் ஜெயித்தது. இறுதி ஆட்டத்தில், அந்தச் சீசனில் தன்னை மூன்று முறை தோற்கடித்திருந்த, நாட்டின் முதலிட அணியான குவினிபியாக்கை 4-0 என்று வென்று கோப்பையை எடுத்துப் போனது. 15-ஆவது இடமா, 17-ஆவது இடமா என்பது வெறும் பேப்பர் சண்டை அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சந்திக்காத அணிகளை ஒப்பிடுவது எப்படி?

சரி, இப்போது கம்ப்யூட்டரை ஆன் செய்யுங்கள். பேர்வைஸைவிட அழகான ஒரு முறை இருக்கிறது. 'கிராக்' என்று பெயர். கென் பட்லர் என்பவர் கல்லூரி ஹாக்கிக்காக இதை ஆரம்பித்தார். அடிப்படைக் கணிதம் 1952-இல் பிராட்லி, டெர்ரி என்ற இருவர் வெளியிட்டது. கமிட்டி இதைப் பயன்படுத்தவில்லை. ஆனால் கல்லூரி ஹாக்கியில் கணக்குத் தெரிந்த ரசிகர்களைக் கேட்டால் இதைத்தான் சிபாரிசு செய்வார்கள்.

கருத்து எளிது. அ என்ற அணி ஆ-வோடு 4 ஆட்டம் ஆடி 3-இல் ஜெயித்தது. ஆ என்ற அணி இ-யோடு 3 ஆட்டம் ஆடி 2-இல் ஜெயித்தது. அ-வும் இ-யும் சந்திக்கவே இல்லை. சந்தித்தால்? அ, ஆ-வைவிட 3 மடங்கு. ஆ, இ-யைவிட 2 மடங்கு. எனவே அ, இ-யைவிட 6 மடங்கு. மதிப்பெண்கள் 6, 2, 1. ஏழு ஆட்டம் ஆடினால் ஆறில் அ ஜெயிக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

மூன்று அணிக்கு மனக்கணக்கு போதும். அறுபது அணிகள் குறுக்கும் நெடுக்குமாக ஆடியிருந்தால் முடியாது. அங்கேதான் எக்ஸெல். ஒவ்வொரு அணியின் மதிப்பெண்ணும் மற்ற அணிகளின் மதிப்பெண்ணைப் பொறுத்தது; அவை திரும்ப இதைப் பொறுத்தவை. நான் முதலில் செல்களை ஒன்றோடொன்று நேரடியாக இணைத்தேன். எக்ஸெல் 'சர்குலர் ரெஃபரன்ஸ்' என்று திட்டியது. செட்டிங்கை மாற்றி வாயை அடைத்தேன். பிறகு பூஜ்யத்தால் வகுத்துவிட்டதாக எரர் வந்து, ஷீட் முழுக்கப் பரவி, எதை அழித்தாலும் போகவில்லை. அந்த வழிக்கே போகாதீர்கள். இதோ சுலபமான வழி.

புதிய ஒர்க்‌ஷீட்டில் ஏ1, பி1, சி1 மூன்றிலும் 1 என்று அடியுங்கள். இவைதான் அ, ஆ, இ அணிகளின் ஆரம்ப மதிப்பெண்கள். எல்லோரும் சமம் என்று தொடங்குகிறோம். அடுத்த வரிசையில் இந்த ஃபார்முலாக்களைக் கொடுங்கள். (இங்கே தமிழில் அச்சிட்டிருக்கிறோம். கீபோர்டில் ஆங்கில எழுத்துகளாகவே அடிக்க வேண்டும்.)

ஏ2 செல்லில்: =3/(4/(ஏ1+பி1))

பி2 செல்லில்: =3/(4/(ஏ1+பி1)+3/(பி1+சி1))

சி2 செல்லில்: 1

தொடக்கத்தில் உள்ள 3, அந்த அணியின் மொத்த வெற்றி. (ஆ-வுக்கும் 3-தான்: அ-விடம் ஒன்று, இ-யிடம் இரண்டு.) அடைப்புக்குள் இருக்கும் 4, 3 என்பவை ஆடிய ஆட்டங்கள். இப்போது ஏ2 முதல் சி2 வரை செலக்ட் செய்து, வலது கீழ் மூலையில் தெரியும் சின்னக் கறுப்புச் சதுரத்தை மவுஸால் பிடித்து, நூறாவது வரிசை வரை இழுத்து விடுங்கள். சி காலத்தில் 1, 2, 3 என்று ஏறினால் இழுத்து முடித்த இடத்தில் வரும் சின்ன ஐகானைக் கிளிக் செய்து 'காப்பி செல்ஸ்' என்று கொடுங்கள். எண்கள் வரிசைக்கு வரிசை மெல்ல நகர்ந்து, கடைசியில் 6, 2, 1 என்று வந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். நாம் மனக்கணக்காகக் கண்டுபிடித்ததை எக்ஸெல் தானாகவே கண்டுபிடித்துவிட்டது! லிப்ரே ஆபீஸ் கேல்க் வைத்திருப்பவர்களும் இதையே செய்யலாம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஆ என்ற பாலம் இருந்ததால்தான் அ-வையும் இ-யையும் ஒப்பிட முடிந்தது. பாலம் இல்லாவிட்டால் எந்தக் கணக்கும் வேலை செய்யாது. இது வெறும் ஊகம் அல்ல, நடந்திருக்கிறது. கொரோனா காரணமாக 2020-21 சீசனில் பல கான்பரன்ஸ்கள் தங்களுக்குள் மட்டுமே ஆடின. ஒரு கூட்டத்துக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் இடையே பாலமே இல்லை. அந்த வருடம் பேர்வைஸை ஓரம்கட்டிவிட்டு, கமிட்டி தன் சொந்த அபிப்பிராயத்தில் அணிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று.

2025-26 சீசனில் பேர்வைஸுக்குப் பதில் என்.பி.ஐ. என்ற முறை வந்தது. அதிலும் எதிரியின் மதிப்பெண் நம் மதிப்பெண்ணுக்குள் வருகிறது. நாம் நூறு வரிசை இழுத்ததுபோல் திரும்பத் திரும்பக் கணக்கிட்டு, எண்கள் நிலைக்கும்வரை போக வேண்டும். ஜோடி ஜோடியாக ஒப்பிடும் வேலை போய்விட்டது. என் நண்பரின் 1770 செல்களுக்கு ஓய்வு.

ரேங்க் சரி, கட்டம் சரியா?

இப்போது இரண்டாவது கேள்வி. 16 அணிகளுக்கு 1 முதல் 16 வரை ரேங்க் தெரிந்துவிட்டது. நியாயமான டிரா என்றால் 1-க்கு 16, 2-க்கு 15, 3-க்கு 14 என்று போட வேண்டும். நன்றாக ஆடியவருக்குச் சுலபமான எதிரி. அதுதானே சீடிங்கின் நோக்கம்? கமிட்டியும் அங்கேதான் தொடங்குகிறது. ஆனால் அதற்கு மேல் சில விதிகள் வருகின்றன. முதல் சுற்றில் ஒரே கான்பரன்ஸ் அணிகள் மோதுவதைத் தவிர்க்க வேண்டும். ரீஜினலை நடத்தும் கல்லூரி தகுதி பெற்றால் அந்த ஊரில்தான் ஆட வேண்டும். அரங்கில் கூட்டம் சேர வேண்டும். 1-4, 5-8 என்ற நான்கு அடுக்குகளை உடைக்காமல், அடுக்குக்குள்ளேயே அணிகளை மாற்றிப் போட்டு இதையெல்லாம் சமாளிக்கிறார்கள்.

ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயம்தான். காலி அரங்கில் ஆடுவதை யார் விரும்புவார்கள்? ஆனால் 2015-இல் நடந்ததைப் பாருங்கள். ஒரு ரீஜினல் ராட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில். நடத்தியது பிரௌன் பல்கலைக்கழகம். 15-ஆவது இடத்தில் உள்ளே வந்த பிராவிடன்ஸ் கல்லூரி அணியை அங்கேயே போட்டார்கள். அது நடத்தும் கல்லூரி அல்ல. எனவே அங்கே போட்டே ஆக வேண்டும் என்ற விதி இல்லை. எதிரில் ஒஹாயோவில் இருந்து வந்த மயாமி பல்கலைக்கழகம், முதல் அடுக்கு அணி. வருடம் முழுவதும் உழைத்து முதல் அடுக்கில் இடம் பிடித்ததற்குப் பரிசு, நான்காம் அடுக்கு அணியின் சொந்த ஊரில், அவர்கள் ரசிகர்கள் முன்னால் ஆடுவது! பிராவிடன்ஸ் 7-5 என்று ஜெயித்தது. அதோடு நிற்கவில்லை, பாஸ்டன் பல்கலைக்கழகத்தை 4-3 என்று வென்று கோப்பையையும் எடுத்தது. நன்றாக ஆடித்தான் ஜெயித்தார்கள், அதில் சந்தேகமில்லை. மயாமிக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் கேள்வி.

எனக்கு இதில் எரிச்சல் தரும் இடம் ஒன்று உண்டு. 2013-14-இல் இருந்து ஆர்.பி.ஐ. கணக்கில் சொந்த அரங்கில் கிடைத்த வெற்றிக்கு 0.8, எதிரி அரங்கில் கிடைத்த வெற்றிக்கு 1.2 என்று எடை போட்டார்கள். அதாவது சொந்த ஊர் ஒரு சாதகம் என்று அவர்களே எண் போட்டு ஒப்புக்கொண்டார்கள். ரேங்க் போடும்போது ஞாபகம் இருக்கிற இந்த விஷயம், கட்டம் போடும்போது எங்கே போயிற்று?

எல்லா முறையும் மேல் அணி விழுந்துவிடுவதில்லை. 2024-இல் முதல் அடுக்கு அணியான டென்வர், கொலராடோவில் இருந்து மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போய், அதே மாநில அணியான மாசசூசெட்ஸை இரண்டு ஓவர்டைம் ஆடி 2-1 என்று தப்பிப் பிழைத்தது. அந்த வருடக் கோப்பை டென்வருக்கே. நான் அங்கே இருந்த 2023-இல் மினசோட்டாவின் மூன்று அணிகளை (மினசோட்டா, செயின்ட் கிளவுட், மினசோட்டா ஸ்டேட்) ஒரே ஃபார்கோ ரீஜினலில் போட்டார்கள். அரங்குக்கு நல்ல கூட்டம். ஆனால் மூன்றில் ஒன்றுதான் மேலே போக முடியும். மினசோட்டா போனது. என் நண்பரின் செயின்ட் கிளவுட் அதனிடம் 4-1 என்று தோற்றது. மறுநாள் ஆபீசில் அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை.

ஆயிரம் போட்டிகள் ஒரே கிளிக்கில்

கட்டம் மாறுவதால் எவ்வளவு வித்தியாசம் வரும்? பேசிக்கொண்டே இருப்பதைவிடப் போட்டுப் பார்த்துவிடலாம். நான்கு அணிகள் மட்டும் எடுத்துக்கொள்வோம். கிராக் மதிப்பெண்கள் 4, 3, 2, 1. மதிப்பெண்ணையே அணியின் பெயராக வைத்துக்கொள்ளலாம். 4-ஆம் 1-ஆம் மோதினால் 4 ஜெயிக்கும் வாய்ப்பு ஐந்தில் நான்கு.

எக்ஸெல்லில் 'ராண்ட்' என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையே ஏதாவது ஒரு எண்ணைக் குலுக்கிக் கொடுக்கும். அதுதான் நம் பகடை. புதிய ஷீட்டில்:

ஏ1: =இஃப்(ராண்ட்()<4/(4+1),4,1)

பி1: =இஃப்(ராண்ட்()<3/(3+2),3,2)

சி1: =இஃப்(ராண்ட்()<ஏ1/(ஏ1+பி1),ஏ1,பி1)

ஏ1-இல் முதல் அரையிறுதி, பி1-இல் இரண்டாவது அரையிறுதி, சி1-இல் கோப்பை. மூன்றையும் செலக்ட் செய்து ஆயிரமாவது வரிசை வரை இழுங்கள். ஆயிரம் போட்டிகள் நடந்து முடிந்தன! இப்போது இ1 செல்லில் (கீபோர்டில் ஆங்கில 'இ', தமிழ் எழுத்து அல்ல) =கவுன்டிஃப்(சி1:சி1000,4) என்று கொடுத்தால் 4 என்ற அணி எத்தனை கோப்பை வென்றது என்று வரும். கீபோர்டில் எஃப்9 கீயைத் தட்டினால் மறுபடி ஆயிரம் போட்டி. ஒவ்வொரு முறையும் எண் கொஞ்சம் மாறும். சுமார் 488-ஐச் சுற்றியே இருக்கும்.

இனி ஏ1-இல் 4-ஐ 2-ஓடும், பி1-இல் 3-ஐ 1-ஓடும் மோத விடுங்கள். அடுத்து 4-ஐ 3-ஓடும், 2-ஐ 1-ஓடும். ஒவ்வொரு முறையும் திரும்ப ஆயிரம் வரை இழுக்க மறக்காதீர்கள். குலுக்கல் இல்லாமல் காகிதத்தில் நான் கணக்கிட்ட விடைகள் இவை, ஆயிரத்துக்கு இத்தனை என்று:

4-1, 3-2 என்று டிரா போட்டால்: 4-க்கு 488, 3-க்கு 296, 2-க்கு 160, 1-க்கு 57.

4-2, 3-1 என்று போட்டால்: 4-க்கு 419, 3-க்கு 364, 2-க்கு 156, 1-க்கு 61.

4-3, 2-1 என்று போட்டால்: 4-க்கு 406, 3-க்கு 279, 2-க்கு 241, 1-க்கு 74.

அதே நான்கு அணிகள். யாரும் கூடுதலாக ஒரு நாள் பயிற்சி எடுக்கவில்லை. ஆனால் 2 என்ற அணியின் வாய்ப்பு 160-இல் இருந்து 241-க்கு ஏறுகிறது. பாதி மடங்கு அதிகம்! முதல் அணிக்கு 82 கோப்பை நஷ்டம். 3 என்ற அணியைப் பாருங்கள்: டிரா மாறுவதில் அதற்கு ஒரு முறை லாபம், ஒரு முறை நஷ்டம். டிரா போடும் அறையில் யாருக்கு என்ன வேண்டும் என்பது இதிலேயே தெரிகிறது.

பிராவிடன்ஸ் கதையையும் இதில் போடலாம். முதல் டிராவுக்குத் திரும்புங்கள். 1 என்ற அணிக்குச் சொந்த ஊர் கிடைக்கிறது. அந்த ஓர் ஆட்டத்துக்கு மட்டும் அதன் பலம் 1.5 என்று வைப்போம். (1.5 என்பது உதாரணத்துக்காக நான் எடுத்த எண்.) ஏ1-இல் 4/(4+1) என்பதை 4/(4+1.5) என்று மாற்றினால் போதும். 4-இன் கோப்பைகள் 488-இல் இருந்து 443 ஆகின்றன. ஓர் ஊரின் பெயர் மாறியதற்கு 45 கோப்பை.

இதற்கு மாற்று வழி புதிதல்ல. 1980-களில் இதே ஆண்கள் போட்டியில் காலிறுதிகள் கல்லூரிகளின் சொந்த அரங்குகளில், இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கோல் கணக்கில் நடந்தன. பெண்கள் போட்டியில் காலிறுதிகள் மேல் சீடு பெற்ற கல்லூரிகளின் அரங்குகளிலேயே நடக்கின்றன. ஆண்களுக்கும் முதல் சுற்றை மேல் அணியின் அரங்குக்கே கொண்டுபோக வேண்டும் என்று பயிற்சியாளர்களில் ஒரு சாரார் வெகுநாளாகச் சொல்லி வருகிறார்கள். மறுப்பவர்கள், 8-ஆம் இடத்துக்கும் 9-ஆம் இடத்துக்கும் இடையே தசமப் புள்ளிக்குப் பிறகு நான்காவது இலக்கத்தில் உள்ள வித்தியாசத்துக்காக ஒருவருக்குச் சொந்த மைதானத்தையே கொடுப்பதா என்று கேட்கிறார்கள். அதுவும் யோசிக்க வேண்டிய கேள்விதான். ஆனாலும் நான் மேல் அணிக்குக் கொடுப்பதையே விரும்புவேன். யாருக்காவது சாதகம் போய்த்தான் ஆகவேண்டும் என்றால், அதை ஆடிச் சம்பாதித்தவருக்குப் போகட்டும். அந்த ஊரில் வீடு இருப்பவருக்கு ஏன் போக வேண்டும்?

ஷீட்டை சேவ் செய்வதற்கு முன் இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். முதல் டிராவில், 1.5-ஐ மறுபடி 1 ஆக்கி, ஏ காலத்தில் 1 எத்தனை முறை வருகிறது? கவுன்டிஃப்பில் சி-க்குப் பதில் ஏ, 4-க்குப் பதில் 1. ஆயிரத்தில் சுமார் 200. டிரா கச்சிதமாக இருந்தும், நான்கு மடங்கு பலமான அணி ஐந்தில் ஒரு முறை முதல் ஆட்டத்திலேயே வெளியேறுகிறது. இதை நண்பருக்குக் காட்டினேன். எஃப்9-ஐத் தட்டித் தட்டிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியானால் அடுத்தடுத்து இரண்டு வருடம் என்பது இருபத்தைந்தில் ஒன்று" என்றார். பிறகு ஷீட்டின் பெயரை 'செயின்ட் கிளவுட்' என்று மாற்றி, தன் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி எடுத்துக்கொண்டார்.